கேட்காத மோதிரத்துக்கு மூன்று வட்டி

மதுரை செல்லூரிலிருந்து ஒரு வாசகி ஒன்பது பக்கம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 47. வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறார். கணவர் ஒரு பாத்திரக் கடையில் கணக்கு எழுதுகிறார், சம்பளம் 18,000 ரூபாய். தையலில் சராசரியாக மாதம் 6,000 வரும். மகளுக்கு இந்த வைகாசியில் உசிலம்பட்டிப் பக்கம் கல்யாணம் ஆனது. மகன் பிளஸ் டூ படிக்கிறான். வரப்போவது மகளுக்குத் தலைதீபாவளி.

நிச்சயம் முடிந்த கையோடு வந்த போன தீபாவளிக்கு, மாப்பிள்ளை வீட்டுக்குத் துணிமணி எடுக்க நூற்றுக்கு மூன்று வட்டியில் 40,000 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். மாதம் 1,200 கட்டி வருகிறார்கள், அசல் அப்படியே இருக்கிறது. இந்த வருடத்துக்கு அவர் போட்ட பட்டியல் 1,30,000 ரூபாய். மாப்பிள்ளைக்கு அரைப் பவுனில் மோதிரம், இரண்டு வீட்டுக்கும் ஜவுளி, பட்டாசு, பலகாரம், மேலூரில் இருக்கும் நாத்தனாருக்குச் சீர் எல்லாம் அதில் அடக்கம். கையில் வரக்கூடியது 34,000. கணவரின் போனஸ் 12,000, தீபாவளித் தையலில் கூடுதலாக 10,000, மாதம் ஆயிரம் கட்டிய தீபாவளிச் சீட்டு 12,000. மீதிக்கு அதே ஆளிடம் இன்னொரு லட்சம் கேட்டு வைத்திருக்கிறார்.

“என்னிடம் இரண்டு பவுன் சங்கிலி ஒன்று இருக்கிறது. அதை அடகு வைத்தால் ஊர் சிரிக்கும். செய்முறையில் குறை வைத்தால் மகள் அங்கே தலைநிமிர முடியாது. பக்கத்து வீட்டில் தலைதீபாவளிக்கு பைக்கே வாங்கிக் கொடுத்தார்கள். பண்டிகை என்றாலே எனக்கு நெஞ்சு படபடக்கிறது. நான் என்னம்மா செய்யட்டும்?” என்று முடித்திருக்கிறார்.

அன்புச் சகோதரி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை தொகைகளைக் குறித்துக்கொண்டேன். இரண்டாவது முறை ஒரே ஒரு வரியைத் தேடினேன், அது கிடைக்கவில்லை. உங்கள் சம்பந்தி வீட்டில் யாராவது, எப்போதாவது, மோதிரம் வேண்டும் என்று கேட்டார்களா? ஒன்பது பக்கத்தில் எங்குமே அப்படி இல்லை. மாப்பிள்ளை கேட்கவில்லை, சம்பந்தியம்மா ஜாடையாகக்கூடச் சொல்லவில்லை. உங்கள் மகளோ போனில் “எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம்மா, நீங்க சும்மா இருங்க” என்று சொன்னதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதற்கு அடுத்த வரியிலேயே “அவள் நம்ம கஷ்டம் தெரிஞ்சு அப்படிச் சொல்றா” என்று ஒதுக்கிவிட்டீர்கள்.

தெரிந்துதான் சொல்கிறாள். அதனால்தான் அவள் பேச்சை நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த ஊரில் பல வருடங்களாகக் குடும்பங்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன். ஐப்பசியில் சந்தோஷமாக இருந்த வீடுகள் தை மாதம் என் முன்னால் வந்து உட்காரும். பொங்கல் படி கொடுக்கக் கையில் பணம் இருக்காது, தீபாவளிக் கடனுக்கு வட்டி ஏறியிருக்கும், புருஷனும் பெண்டாட்டியும் யாரால் வந்த வினை என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அவர்களிடம் “இந்தத் தொகையை முடிவு செய்தது யார்?” என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. இந்த வீடு அந்த வீடு எதிர்பார்ப்பதாக நினைத்திருக்கும். அந்த வீடு, இவர்கள் ஆசையாகச் செய்கிறார்கள், வேண்டாம் என்றால் வருத்தப்படுவார்களே என்று வாங்கி வைத்திருக்கும். நடுவில் யாரும் வாயே திறந்திருக்க மாட்டார்கள்.

என் வீட்டுக் கதையையும் சொல்கிறேன். என் தலைதீபாவளிக்கு அப்பா என் கணவருக்கு மோதிரம் போட்டார். எனக்கு அன்று அவ்வளவு பெருமை. அப்பா இறந்த பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது, அந்த மோதிரத்துக்காக எழுதிக் கொடுத்த புரோநோட்டு துணிக்கு அடியில் இருந்தது. பின்பக்கத்தில் நான்கு வருடம் கட்டிய வட்டி வரவு வரிசையாக எழுதியிருந்தது. என் கணவர் அதைப் பார்த்துவிட்டு வெகுநேரம் பேசவே இல்லை. “என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே வேண்டாம்னு சொல்லியிருப்பேனே” என்றார். மோதிரம் அவருக்கு விரலில் இறுகும் என்பதால் அதை அவர் அதிகம் போட்டதும் இல்லை. அந்தப் புரோநோட்டை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தொண்டை அடைக்கும். உங்கள் மகளுக்கு அப்படி ஒரு காகிதம் கிடைக்க வேண்டாம்.

சம்பந்தி வீட்டில் எப்படிப் பேசுவது

தலைதீபாவளிக்கு அழைக்க நீங்கள் எப்படியும் உசிலம்பட்டிக்கு நேரில் போவீர்கள். தீபாவளிக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருக்கிறது. வழக்கமாகப் போகும் நாள் வரை காத்திருக்காமல் இந்த வாரமோ அடுத்த வாரமோ கணவரும் நீங்களும் சேர்ந்து போங்கள். நீங்கள் மட்டும் போனால் “அவருக்குத் தெரியுமா” என்ற கேள்வி வரும். மகள் மூலமாகச் சொல்லி அனுப்பவே வேண்டாம். பிறந்த வீட்டு நிலைமையைப் புகுந்த வீட்டில் எடுத்துச் சொல்லும் வேலையைப் புதுப்பெண் தலையில் வைப்பது பாவம்.

“என்ன எதிர்பார்க்கிறீங்க?” என்று மட்டும் தொடங்கிவிடாதீர்கள். அந்தக் கேள்வி அவர்களைச் சங்கடத்தில் மாட்டிவிடும். கூடவே, கேட்க நினைக்காதவர்களுக்கும் கேட்க ஒரு வாய்ப்பைக் கொடுத்துவிடும். உங்கள் முடிவை நீங்களே சொல்லுங்கள். இப்படிச் சொல்லலாம்:

“சம்பந்தியம்மா, பிள்ளைகளுக்கு இது தலைதீபாவளி. முந்தின நாளே ரெண்டு பேரையும் அனுப்பி வைங்க, நாலு நாள் இருந்துட்டு வரட்டும். கல்யாணச் செலவுல இருந்து நாங்க இன்னும் எந்திரிக்கல. அதனால இந்த வருஷம் துணிமணி, பலகாரத்தோட நிறுத்திக்கிறோம். உங்ககிட்ட மறைக்கக் கூடாதுன்னுதான் நேர்ல வந்து சொல்றோம்.”

அவ்வளவு போதும். மன்னிப்புக் கேட்கும் தொனி வேண்டாம், கண்ணீரும் வேண்டாம். சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போங்கள். முதலில் ஒரு நிமிடம் முகம் சுருங்கலாம். பயந்துபோய் அந்த நிமிடத்திலேயே “அடுத்த பொங்கலுக்குச் செஞ்சிடுறோம்” என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். எனக்குத் தெரிந்து பலர் சறுக்கும் இடம் அதுதான்.

ஒருவேளை கேட்டார்கள் என்றால்? பிரியப்பட்டு, வழக்கத்துக்காகச் செய்யும் பண்டிகைச் சீர் வேறு. கல்யாணத்தை முன்வைத்து இன்னது கொடு என்று வற்புறுத்துவது வேறு. கல்யாணத்துக்குப் பிறகு அப்படிக் கேட்டாலும் 1961-ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டத்தின் கீழ் அது குற்றமாகலாம். நம் மாநிலத்தில் மாவட்டச் சமூகநல அலுவலர்தான் வரதட்சணைத் தடுப்பு அலுவலர். 181 என்ற பெண்கள் உதவி எண்ணும் இருக்கிறது. உங்கள் விஷயத்தில் அதற்குத் தேவை வரும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் மகள் வைத்திருக்க வேண்டிய எண் அது, அதற்காகச் சொல்கிறேன்.

சங்கிலியும் புரோநோட்டும்

நகையை அடகு வைத்தால் கேவலம், மூன்று வட்டிக்கு வாங்கினால் கௌரவம் என்று நினைக்கிறீர்கள். கணக்கு நேர்மாறாக இருக்கிறது. நூற்றுக்கு மூன்று வட்டி என்றால் ஆண்டுக்கு 36 சதவீதம். புதிதாக ஒரு லட்சம் வாங்கினால் மாதம் 3,000, பழைய கடனுக்கு 1,200. ஆக 4,200 ரூபாய், அதுவும் வட்டிக்கு மட்டும். 24,000 வருமானத்தில் அது போனால் மிச்சத்தில் மகனின் காலேஜ் ஃபீஸை எங்கிருந்து கட்டுவீர்கள்?

அந்தச் சங்கிலியைத் தீபாவளிச் செலவுக்காக அடகு வைக்கச் சொல்லவில்லை. பழைய 40,000 கடனை அடைக்க வையுங்கள். வங்கியிலும் கூட்டுறவு வங்கியிலும் நகைக்கடன் வட்டி பொதுவாக மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாயை ஒட்டியே இருக்கும், பல இடங்களில் அதற்கும் குறைவு. போனஸ் 12,000 வந்ததும் அதை அப்படியே இதில் போட்டால் 28,000-க்கு மட்டும் நகை வைத்தால் போதும். மாதம் 1,200 கட்டிய இடத்தில் 300-க்குள் முடிந்துவிடும். மிச்சம் 900 ரூபாயையும் மாதாமாதம் அசலில் கட்டிக்கொண்டே வாருங்கள். கடைசித் தேதியைக் காலண்டரில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். தவணை தாண்டி வருகிற நோட்டீஸைக் கவனிக்காமல் விட்டால் நகை ஏலத்துக்குப் போய்விடும், இதில் இருக்கும் ஆபத்து அதுதான்.

பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் அன்றே கையெழுத்துப் போட்ட புரோநோட்டைக் கையோடு வாங்கிவிடுங்கள். “அப்புறம் தர்றேன்” என்றால் பணமும் அப்புறம்தான். தொகை எழுதாத புரோநோட்டோ வெற்றுக் காசோலையோ கொடுத்திருந்தால் அதையும் கேட்டு வாங்குங்கள். அவர் மிரட்டினால் பயப்பட வேண்டாம். அரசு நிர்ணயித்த அளவுக்கு மேல் வட்டி வாங்குவதைத் தடுக்க 2003-லேயே கந்துவட்டித் தடைச் சட்டம் கொண்டுவரப்பட்டது. நாள் வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாமே அதற்குள் வரும், 3 ஆண்டு வரை சிறைத் தண்டனையும் உண்டு. காவல் நிலையத்திலும் ஆட்சியரிடமும் மனு கொடுக்கலாம்.

இன்னொன்று, போனஸை “முதலாளி மனசு வைத்தால்” என்று எழுதியிருக்கிறீர்கள். 20 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடம் என்றால், சம்பள வரம்புக்குள் இருக்கும் ஊழியருக்குப் போனஸ் சட்டப்படியான உரிமை. குறைந்தது 8.33 சதவீதம், அதாவது 12-இல் ஒரு பங்கு. எந்தச் சம்பளத்தை வைத்துக் கணக்கிடுவது என்பதற்கு ஓர் உச்சவரம்பு இருக்கிறது. அதனால் கடைக்குக் கடை தொகை மாறலாம். கணக்கு எழுதுகிறவர் உங்கள் கணவர், அவருக்கே இது புரியும்.

தெருவில் பிடிக்கும் சீட்டை இந்த வருடத்தோடு நிறுத்திவிடுங்கள். பண்டமாக வாங்காமல் பணமாகக் கேளுங்கள். அடுத்த தீபாவளிக்கு வங்கியில் மாதாமாதம் கட்டும் ஆர்டி சேமிப்பை 12 மாதத்துக்குப் போட்டால் அதே ஆயிரம் ரூபாய்க்கு வட்டியும் வரும், நடத்துகிற ஆள் ஊரைவிட்டுப் போய்விடுவாரோ என்ற பயமும் இருக்காது.

22,000 ரூபாயில் ஒரு தலைதீபாவளி

போனஸ் கடனுக்குப் போனபின் உங்கள் கையில் 22,000 இருக்கும். அதில் இப்படிச் செய்யலாம் என்று தோன்றுகிறது. ஜவுளிக்கு 10,000: மகள், மாப்பிள்ளை, மகனுக்கு நல்லதாக, சம்பந்திகள் இருவருக்கும் ஒரு சுங்குடிச் சேலையும் வேட்டியும். பலகாரத்துக்கும் கறிக்கும் 5,000. நாத்தனார் சீர் 2,500. பட்டாசு 1,500. போக்குவரத்து 1,000. மீதி 2,000 ரூபாயை எதற்கும் ஒதுக்காமல் கையில் வையுங்கள். பண்டிகை நாளில் யாராவது வருவார்கள், ஏதாவது உடையும்.

துணியை இப்போதே, புரட்டாசியிலேயே எடுத்துவிடுங்கள். தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை விளக்குத்தூண் பக்கம் போனால் கூட்டத்தின் வேகத்திலேயே நாலு சேலை அதிகம் எடுக்க வைத்துவிடும். பட்டாசுக்கு உங்கள் பட்டியலில் 8,000 இருந்தது. நம் மாநிலத்தில் சில ஆண்டுகளாக வெடிக்க அனுமதி காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8, மொத்தமே இரண்டு மணி நேரம். 1,500 ரூபாய்க்கு வாங்குவதே அந்த நேரத்துக்குத் தாராளம். பட்டியலை மகனிடம் கொடுத்து இந்தத் தொகைக்குள் அவனையே தேர்வு செய்யச் சொல்லுங்கள். பிளஸ் டூ பையன், வீட்டுக் கணக்கு அவனுக்குத் தெரியட்டும்.

இதில் மோதிரம் இல்லை. கடன் தீர்ந்து, உங்கள் சொந்தப் பணம் சேர்ந்த பிறகு ஆசையாகப் போடுங்கள். அதற்கு நாள் பார்க்க வேண்டியதில்லை.

நாத்தனார் சீரைப் பற்றி

“அவளுக்கு அனுப்புவதை நிறுத்திவிடலாமா” என்று தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். 1,30,000 ரூபாய்ப் பட்டியலில் எல்லாவற்றையும் வெட்டினாலும் இதை வெட்டாதீர்கள் என்பேன்.

பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு என்பது தமிழ்நாட்டில் 1989-இல் வந்தது, நாடு முழுவதற்கும் 2005-இல். சட்டம் வந்தும், அண்ணன் தம்பியிடம் பங்கு கேட்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பெண்கள் நம் பக்கத்தில் எத்தனை பேர்! உங்கள் நாத்தனாரும் அப்படித்தான் விட்டுக்கொடுத்தார் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அவருக்குப் பிறந்த வீடு என்று மிஞ்சியிருப்பது வருடத்துக்கு இரண்டு முறை வரும் அந்தச் சீர்தான். உங்கள் கணவர் கடந்த மூன்று வருடமாக 5,000 ரூபாயை ஜிபேயில் போட்டுவிடுகிறார். நாத்தனார் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்பது உங்கள் குறை. தொகை போதவில்லை என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அண்ணன் வரவில்லை என்று அவர் நினைக்கிறாரோ என்னவோ.

இந்த வருடம் பாதித் தொகைதான், ஆனால் கணவர் மேலூருக்கு நேரில் போகட்டும். ஒரு சேலை, வெற்றிலை பாக்கு, பழம், உங்கள் கையால் சுட்ட அதிரசம். போனதும் கிளம்பிவிடாமல் ஒருவேளை சாப்பாடு அங்கே சாப்பிட்டுவிட்டு வரட்டும்.

ஏழாவது பக்கம்

உங்கள் கடிதத்தின் ஏழாவது பக்கத்தில், சோழவந்தான் பக்கம் நீங்கள் பிறந்த ஊரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். விடியுமுன்னே அப்பத்தா எழுப்பி உச்சந்தலையில் எண்ணெயைத் தட்டியது, கண்ணில் சீயக்காய் விழுந்து அழுதது, ஈரத்தலையோடு இட்லியும் கறிக்குழம்பும் தின்றது, மஞ்சள் வைத்த ஒரே ஒரு பாவாடை சட்டை. அப்புறம் சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க வந்து, செம்பு நிறையச் சர்க்கரை வைத்துச் சூடம் ஏற்றி நின்றது. அந்த ஒரு பக்கத்தில்தான் உங்கள் கையெழுத்து நடுங்காமல் இருக்கிறது. அதில் ஒரு விலைகூட இல்லை.

அப்பத்தாவின் இடத்தில் இப்போது நீங்கள் இருக்கிறீர்கள். உங்கள் மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் தலையில் எண்ணெய் வைக்க வேண்டிய கை உங்களுடையது. ஆனால் போன வருடம் முந்தின நாள் இரவு இரண்டு மணி வரை மற்றவர்கள் ரவிக்கைக்குக் கொக்கி கட்டிக்கொண்டிருந்துவிட்டு, தீபாவளி அன்று பகல் முழுக்கத் தூங்கிவிட்டதாகச் சொல்கிறீர்கள். இந்த வருடம் தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போதே புதுத் துணி வாங்குவதை நிறுத்திவிடுங்கள். கதவில் ஒரு காகிதம் ஒட்டினால் போதும். இதுவரை வாங்கியதற்குப் பாதிக் கூலியை முன்பணமாகக் கேளுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். கடைசி நேரத்தில் வந்து நிற்கும் நாலைந்து பேரை இழப்பீர்கள். அந்தக் கூலி போகட்டும், அதற்குத்தான் இரண்டாயிரம் தனியாக வைத்திருக்கிறோம். முறுக்கு சுடும் நாளன்று மகளை முன்னமே வரவழைத்துவிட்டால் உங்களுக்கும் கை உதவி, அவளுக்கும் தாய் வீட்டில் ஒருநாள் கூடும்.

மூன்று வருடமாகத் தீபாவளிக்கு எடுத்த உங்கள் சேலைகள் ரவிக்கை தைக்காமல் பீரோவில் இருப்பதாகக் கடைசியில் ஒரு வரி எழுதி, அதை அடித்தும் விட்டிருக்கிறீர்கள். அடித்தாலும் படிக்க முடிந்தது. இந்த வருடம் உங்களுக்கென்று புதுச் சேலை வேண்டாம். அந்த மூன்றில் ஒன்றை எடுத்து, வேறு யார் துணியையும் மிஷினில் வைக்கும் முன்னால் இந்த வாரமே உங்கள் ரவிக்கையை வெட்டுங்கள். உசிலம்பட்டிக்கு அழைக்கப் போகும் அன்று அதைக் கட்டிக்கொண்டு போங்கள். போய் வந்து என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.